அறை கிடைத்துவிட்டது, அண்ணன் இன்னும் திண்ணையில் படுக்கிறார்

கேள்வி: என் அண்ணனுக்கு 46 வயது. பெங்களூருவில் சென்ட்ரிங் வேலை பார்த்தவர். விழுந்து கை முறிந்தது, வேலை போனது. அதோடு குடியும் சேர்ந்ததால் குடும்பம் பிரிந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கிருஷ்ணகிரி பஸ் நிலையத்திலும், பிறகு நகராட்சித் தங்கும் விடுதியிலும் இருந்தார். இப்போது மாங்கூழ் ஆலையில் சுமை வேலை. நாங்கள் பழையபேட்டை பக்கம் ஒரு லைன் வீட்டில் ஒற்றை அறை பிடித்துக் கொடுத்தோம். அட்வான்ஸ் கொடுத்தது என் கணவர், ஒப்பந்தமும் அவர் பெயரில்தான். அண்ணனோ உள்ளே படுப்பதில்லை. வாசல் திண்ணையில் படுக்கிறார், கொண்டுவந்த பையை அவிழ்க்கவே இல்லை, மாலையானால் மறுபடி பஸ் நிலையத்துக்குப் போய்விடுகிறார். சீசன் முடிந்ததும் வாடகைக்கு என்ன செய்வது? வீட்டுக்காரரிடம் பழைய கதையைச் சொல்ல வேண்டுமா? நான் தர்மபுரியில் இருக்கிறேன், அடிக்கடி போக முடிவதில்லை.

பதில்:

சகோதரி, திண்ணை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் கேள்வியில் அதிகப் பதற்றம் அதில்தான் தெரிகிறது, ஆனால் அதுதான் மிகக் குறைவாகக் கவலைப்பட வேண்டியது. ஒரு தொண்டு நிறுவனத்தின் சார்பில் வீடற்றோருக்கான தங்கும் விடுதி ஒன்றின் பொறுப்பாளராகப் பல ஆண்டுகள் இருந்தவன் நான். விடுதியிலிருந்து வாடகை அறைக்குப் போனவர்களில் முதல் வாரமே கதவைச் சாத்தி நிம்மதியாகத் தூங்கியவர்கள் அபூர்வம். விளக்கை அணைக்காமல் படுப்பார்கள், கதவைத் திறந்து வைத்துப் படுப்பார்கள், மொட்டை மாடிக்குப் போவார்கள். பஸ் நிலையத்தில் படுப்பவர் தூங்கும்போதும் பாதி விழித்திருக்கிறார். செருப்பு போய்விடும், சட்டைப்பையில் இருக்கும் கூலி போய்விடும், ரோந்து வரும் காவலர் லத்தியால் தட்டி எழுப்புவார், மழை வந்தால் இடம் மாற வேண்டும். யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அங்கே பாதுகாப்பு. நான்கு சுவருக்குள் அந்தப் பார்வை அடைபடுகிறது. பஸ் சத்தம் இல்லாத அமைதியே சிலரை எழுப்பிவிடுகிறது.

எனவே 'வாடகை கொடுத்துப் பிடித்த வீட்டில் படுக்காமல் மானத்தை வாங்குகிறாயே' என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். பாயைக் கதவுக்கு அருகில், தலை வாசல் பக்கம் இருக்கும்படி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். உள்தாழ்ப்பாள் எளிதாகத் திறக்கிறதா என்று பாருங்கள். லைன் வீடுகளில் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிப்போயிருக்கும், அது அவருடைய பயத்தை இரட்டிப்பாக்கும். சின்ன ரேடியோ ஒன்று மெல்லிய சத்தத்தில் ஓடினால் பலருக்குத் தூக்கம் வருகிறது. பையை நீங்கள் அவிழ்த்து அடுக்கிவைக்காதீர்கள். பெண்கள் அன்பு மிகுதியில் இதைத்தான் முதலில் செய்கிறார்கள், அவருக்கோ தன் கடைசிச் சொத்தில் இன்னொருவர் கைவைத்ததுபோல் இருக்கிறது. சுவரில் நான்கு ஆணி அடித்து ஒரு கயிறு கட்டிக் கொடுங்கள். சட்டை தானாகப் பையிலிருந்து கயிற்றுக்கு வரும். மார்கழிக் குளிர் இந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதற்குள் உள்ளே போய்விடுவார் என்றுதான் நினைக்கிறேன். போகவில்லை என்றால், அல்லது இரவெல்லாம் தூங்காமல் உட்கார்ந்தே இருக்கிறார், பழைய அடிதடி ஏதோ நினைவுக்கு வந்து அலறுகிறார் என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

மாலையில் பஸ் நிலையம் போவதும் அப்படித்தான். அவருடைய சிநேகிதர்கள் அங்கே இருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகள் தேநீரையும் பீடியையும் காய்ச்சல் மாத்திரையையும் பகிர்ந்துகொண்டவர்கள் அவர்கள்தான், நாமில்லை. போய்வரட்டும். ஆனால் ஒன்றில் மட்டும் கறாராக இருக்கச் சொல்லுங்கள்: பார்ப்பது, பேசுவது, டீ வாங்கிக் கொடுப்பது எல்லாம் அங்கேயே முடிய வேண்டும், அறைக்கு யாரையும் கூட்டிவரக் கூடாது. கேட்க இரக்கமற்றதாகத்தான் இருக்கிறது. மழை இரவில் நண்பனை வெளியே விட்டுவிட்டுத் தான் மட்டும் உள்ளே படுப்பது அவருக்கு வலிக்கும். ஆனால் இன்றைக்கு ஒருவர் வருவார், அடுத்த வாரம் அவர் இன்னொருவரோடு வருவார், ஒருநாள் பாட்டில் வரும், பக்கத்து அறைப் பெண்கள் வீட்டுக்காரரிடம் போவார்கள். வாடகையை ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தவர்களே இப்படி அறையை இழந்ததைப் பார்த்திருக்கிறேன். மழையில் மாட்டிக்கொண்ட நண்பருக்கு விடுதியின் வழியைச் சொல்லட்டும். நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு விடுதியாவது ஆண்டு முழுவதும் இயங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் உத்தரவிட்ட பிறகு வந்தவை இவை. தங்குவதற்குக் கட்டணம் கிடையாது.

இனி உண்மையில் கவலைப்பட வேண்டியதற்கு வருகிறேன். வாடகை தாமதமானதால் அறை போனவர்களைவிட, தாமதமானதைச் சொல்லாமல் ஒளிந்ததால் அறை போனவர்கள்தான் நான் பார்த்ததில் அதிகம்.

ஒருவர் இருந்தார். காவேரிப்பட்டணம் பக்கம் ஓர் ஓட்டலில் பாத்திரம் கழுவும் வேலை. சில மாதங்கள் ஒரு குறையும் இல்லை. ஒரு மாதம் ஓட்டல்காரர் சம்பளத்தை இழுத்தடித்தார், இவரால் ஐந்தாம் தேதி வாடகை கொடுக்க முடியவில்லை. வீட்டுக்காரர் மாடியில் இருப்பவர். அவர் கண்ணில் படக்கூடாது என்று இவர் இரவு பதினொன்றுக்கு மேல் வருவதும், விடியும் முன் கிளம்புவதுமாக இருந்தார். செல்போனை அணைத்து வைத்தார். ஒருநாள் பாய், பானை, புதிதாக வாங்கிய அடுப்பு எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு தர்மபுரி பஸ் நிலையத்துக்குப் போய்விட்டார். நான் போய் வீட்டுக்காரரைப் பார்த்தபோது அவருக்குக் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம் இருந்தது. 'அட்வான்ஸ் என்னிடம் இருக்கிறதே, சம்பளம் வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த மாதம் சேர்த்து வாங்கியிருப்பேனே' என்றார். அதற்குள் அறைக்கு வேறு ஆள் வந்துவிட்டார்.

இதை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெருவில் அதுதான் புத்திசாலித்தனம். தகராறு வருகிறதென்றால் பையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும், யாரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கக் கூடாது. அந்தப் பழக்கம்தான் அவர்களை உயிரோடு வைத்திருந்தது. வாடகை வீட்டில் அதே பழக்கம் வீட்டைப் பறிக்கிறது. உங்கள் அண்ணன் பையை அவிழ்க்காமல் வைத்திருக்கிறார் என்றீர்களே, எனக்கு உறுத்தியது பை இல்லை. பிரச்சினை வரும் நாளில் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாரோ என்பதுதான்.

ஆகவே வாடகை தாமதமானால் என்ன சொல்வது என்பதை இப்போதே, வாடகை ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போதே, அவரோடு உட்கார்ந்து பேசிவையுங்கள். தேதிக்கு முந்தைய நாளே போய் நிற்க வேண்டும். 'ஐயா, ஆலையில் இன்னும் கூலி போடவில்லை. கையில் பாதி இருக்கிறது, இதை வாங்கிக்கொள்ளுங்கள், மீதியைப் பதினைந்தாம் தேதி தருகிறேன்.' இவ்வளவுதான். கையில் பாதியாவது இருக்க வேண்டும், ஒரு தேதியும் சொல்ல வேண்டும், அந்தத் தேதியில் மறுபடி முகத்தைக் காட்டவும் வேண்டும். அன்றைக்கும் பணம் இல்லையென்றால் அதைச் சொல்லவாவது போக வேண்டும். குடித்தனக்காரர் கஷ்டத்தைச் சொன்னால் கேட்டுக்கொள்ளும் வீட்டுக்காரர்கள் நம் ஊர்களில் நிறையவே இருக்கிறார்கள். ஆளையே பார்க்க முடியாதபோதுதான் அவர்கள் பூட்டைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறார்கள்.

பழைய கதையைச் சொல்ல வேண்டுமா என்று கேட்டீர்கள். கேட்காததைச் சொல்ல வேண்டியதில்லை, கேட்டதற்குப் பொய் சொல்லவும் வேண்டாம். 'பெங்களூரில் வேலை பார்த்தார், கை அடிபட்டு ஊர் திரும்பினார், இப்போது ஆலையில் வேலை, தங்கை நான்தான், எதுவென்றாலும் எனக்குப் போன் செய்யுங்கள்' என்பதில் பொய் எதுவும் இல்லை. எந்த வீட்டுக்காரருக்கும் அது போதும். தனி ஆண் என்றாலே தயங்குகிறார்கள், சாதி கேட்டுவிட்டு 'ஆள் வந்துவிட்டது' என்று கதவைச் சாத்துபவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். இனி வீட்டுக்காரருக்கு வேண்டியது, கூப்பிட்டால் எடுக்கும் ஒரு போன் எண் மட்டும்தான்.

ஒப்பந்தம் உங்கள் கணவர் பெயரில் இருப்பதை நான் மாற்றச் சொல்வேன். நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறீர்கள். ஆனால் காகிதத்தில் உங்கள் கணவர் குடித்தனக்காரர், அண்ணன் அங்கே விருந்தாளி. விருந்தாளி திண்ணையில் படுப்பதில் என்ன ஆச்சரியம்? வாடகை பற்றிப் பேச வேண்டியதும் அப்போது மைத்துனர் பொறுப்பாகிவிடுகிறது, அண்ணன் ஒளிந்துகொள்ள இன்னொரு வசதி. ஒப்பந்தத்தை அண்ணன் பெயரில் எழுதி, அட்வான்ஸ் தொகை இன்னாரால் கொடுக்கப்பட்டது, காலி செய்யும்போது அவருக்கே திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பணத்துக்கும் பாதுகாப்பு, அவருக்கும் மரியாதை.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர் அந்த அதிகாரி, இணையவழியிலேயே விண்ணப்பிக்கலாம். வேறுவிதமாகப் பேசி எழுதிக்கொள்ளாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். வாடகைப் பாக்கிக்காகக்கூட வீட்டுக்காரர் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்த முடியாது, சாமான்களைத் தூக்கி வெளியே போடவும் முடியாது, வாடகை நீதிமன்றம் வழியாகத்தான் வெளியேற்ற முடியும். நடப்பது என்னவென்றால், நம் பக்கத்து லைன் வீடுகளில் பாதிக்கு மேல் வாய்ப்பேச்சில்தான் போகிறது. பதிவில்லாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு வாடகை நீதிமன்றத்தில் உரிமை கேட்பது கடினம். வீட்டுக்காரர் பதிவுக்குச் சம்மதித்தால் நல்லது. சம்மதிக்கவில்லை என்றால் அதற்காகச் சண்டை பிடித்து அறையை இழக்காதீர்கள், ஒப்பந்தத்தையாவது எழுதி வாங்குங்கள். பெரிய தகராறு வந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் அங்கே இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். எண் 15100.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். மாதாமாதம் வாடகை கொடுக்கும்போது தேதி, தொகை, வீட்டுக்காரர் கையெழுத்து. கையெழுத்துக் கேட்பதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளும் வீட்டுக்காரரும் உண்டு. 'எனக்கு மறதி அதிகம் ஐயா' என்று அண்ணன் சொன்னால் போதும். மின்சாரம் எப்படி என்று முதலிலேயே கேளுங்கள். வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றாலும், ஒரே இணைப்பில் நான்கைந்து அறைகள் ஓடும் லைன் வீடுகளில் அந்தச் சலுகை குடித்தனக்காரர் வரை வருவதில்லை. துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். குடிவந்த நாளன்று மீட்டரில் இருந்த எண்ணை அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதாதவர்கள் பின்னால் வாக்குவாதம் செய்வதைப் பார்த்துச் சலித்துவிட்டது.

இப்போது சீசன். கிருஷ்ணகிரி மாவட்டத்து மாங்கூழ் ஆலைகளின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். தோத்தாபுரி வரத் தொடங்கினால் இரவு பகலாக ஓடும், ஆடி கழிந்து வரத்துக் குறைந்தால் லாரிகளும் நின்றுவிடும், சுமைக்காரர்களுக்கும் வேலை இருக்காது. வருமானம் நான்கு மாதம், வாடகை பன்னிரண்டு மாதம். ஆலையில் கூலி வாராவாரம் கைக்கு வருகிறதென்றால், வாடகையையும் வாராவாரம் தனியாக எடுத்துவைக்கப் பழக வேண்டும். எங்கே வைப்பது? அறையில் வைத்தால் நிற்காது. தபால் நிலையத்திலோ வங்கியிலோ குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத கணக்கு இருந்தால் அதில் போடட்டும். இல்லாத வரை உங்களிடம் கொடுத்துவைக்கலாம், ஆனால் அந்தக் கணக்கும் நோட்டில் ஏற வேண்டும். சீசன் முடிவதற்குள் மூன்று மாத வாடகை சேர்ந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே மொத்தமாகக் கொடுத்துவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். இரண்டு மாதத்துக்குக் கொடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். கையில் ஒன்றும் இல்லாமல் வாடகை மட்டும் கட்டியிருந்தால் சாப்பாட்டுக்குக் கடன் வாங்க வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில் இன்னொன்றும் தோன்றுகிறது. முறிந்து கூடிய கையோடு சுமை வேலை எத்தனை நாள் தாங்கும்? கிருஷ்ணகிரி இரண்டு பெரிய தேசிய நெடுஞ்சாலைகள் சந்திக்கும் ஊர். சாலையோர ஓட்டல்களிலும் பெட்ரோல் பங்க்குகளிலும் குடோன்களிலும் ஆண்டு முழுவதும் ஆள் தேவைப்படுகிறது. கூலி ஆலையைவிடக் குறைவாக இருக்கலாம், ஆனால் ஓட்டலில் இரண்டு வேளைச் சாப்பாடு சேர்ந்து வரும், ஆடிக்குப் பிறகும் வரும். ராயக்கோட்டை தக்காளி மண்டியில் வேலை கிடைக்கும் என்பார்கள், கிடைக்கும்தான், ஆனால் அதுவும் தூக்குகிற வேலை. காவலாளி வேலை அவருக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன், இரவில் விழித்திருக்கத்தான் ஏற்கெனவே பழகியிருக்கிறாரே. கையில் நிரந்தரக் குறைபாடு இருந்தால் மருத்துவரிடம் காட்டி அளவிடச் சொல்லுங்கள். 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பெற்று அதன் சலுகைகளைக் கேட்கலாம். எத்தனையோ பேர் இதைக் கேட்காமலேயே இருந்துவிடுகிறார்கள்.

அக்கம்பக்கத்தில் யாராவது 'மாத வாடகை எதற்கு, ஒரு தொகையைப் போக்கியமாகக் கொடுத்துவிட்டு இருந்துவிடலாமே' என்று யோசனை சொல்வார்கள். இப்போது வேண்டாம். உங்கள் சேமிப்பு முழுவதும் ஒரே இடத்தில் முடங்கும், வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது, அண்ணனுக்கு இடம் ஒத்துவரவில்லை என்றால் மாறவும் முடியாது.

காவலாளி வேலைக்கும் கணக்குக்கும் ரேஷனுக்கும் முகவரி வேண்டும். ஆதாரில் இன்னும் பெங்களூரு முகவரி இருந்தால் அதை மாற்றுவதிலிருந்து தொடங்குங்கள். பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஆதார் ஆணையம் தந்திருக்கும் சான்றிதழ் படிவத்தில் அண்ணன் புகைப்படம் ஒட்டி, கெஜட் பதிவு பெற்ற அதிகாரியிடமோ நகர்மன்ற உறுப்பினரிடமோ சட்டமன்ற உறுப்பினரிடமோ கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும். மூன்று மாதத்துக்குத்தான் அந்தச் சான்றிதழ் செல்லும், எனவே வாங்கிப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். வார்டு உறுப்பினர் வீட்டுக்குப் போகும்போது அண்ணனும் உடன் போகட்டும். தெருவில் ஒரு ஆளாக அவர் அறிமுகமாவது அங்கேதான்.

ரேஷனில் ஒரு சங்கடம் இருக்கிறது. அவர் பெயர் இன்னும் பிரிந்த மனைவியின் அட்டையில்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். மாநிலத்துக்குள் எந்தக் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம் என்பது 2020 அக்டோபர் முதல் இருக்கிறது, யாராவது அவருக்கு அதைச் சொல்லியும் கொடுப்பார்கள். அப்படி வாங்கினால் அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் அந்த மாத அரிசிக்குப் போய் வெறுங்கையோடு திரும்புவார்கள். தயவுசெய்து அதைச் செய்ய விடாதீர்கள். அந்த அட்டையிலிருந்து பெயரை நீக்கிக்கொண்டு, தனிச் சமையல் செய்யும் ஒற்றை ஆள் குடும்பமாகப் புதிய அட்டைக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். தாமதமாகும், தாசில்தார் அலுவலகப் பக்கம் நடக்க வேண்டியிருக்கும், விசாரணைக்கு வரும்போது அறையில் அடுப்பு இருக்க வேண்டும். அடுப்புக்கு 5 கிலோ சின்ன சிலிண்டர் போதும், முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டையைக் காட்டியே வாங்கலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் இதே மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அந்தத் திட்டத்தின் பெண் ஊழியர் தெருவுக்கு வரும்போது அண்ணன் பெயரையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

தண்ணீரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறையும், வயதானால் வளையாத முதுகும் முட்டியும் எத்தனை கிராமங்களில் பார்த்திருப்பீர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அறையில் குழாயைத் திறந்தால் வருவது பெரும்பாலும் போர்வெல் தண்ணீர். குளிக்க, துவைக்க அது போதும். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீர் எந்தக் குழாயில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளட்டும். போர்வெல் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கிருமி சாகும், புளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்திதான் கூடும். ஷிப்டில் இருக்கும்போது தண்ணீர் வந்தால் பக்கத்து அறையில் யாராவது இவர் குடத்தையும் நிரப்பி வைக்க வேண்டும். அதற்கு முதலில் அவர்களிடம் பேசியிருக்க வேண்டும். விடுமுறை நாளில் அவர்களுடைய குடத்தை இவர் தூக்கி வைக்கட்டும். லைன் வீட்டில் சிநேகம் தண்ணீர்க் குழாயடியில்தான் தொடங்குகிறது, சண்டையும் அங்கேதான். அந்த லைனில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் காதில் விழும். பெங்களூரில் இருந்தவருக்கு அது ஒரு வசதி.

குடியைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு சொல்தான் எழுதியிருக்கிறீர்கள். இன்னும் குடிக்கிறாரா, விட்டுவிட்டாரா என்று தெரியவில்லை. தினமும் குடிப்பவர் என்றால், 'இந்த அறைக்கு வந்துவிட்டாய், இனி ஒரு சொட்டுக் கூடாது' என்று சத்தியம் வாங்கிவிடாதீர்கள். நீண்ட நாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் சில நாட்களுக்குள் கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, ஆள் தெரியாத பிதற்றல் வரை போகலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் இதை அனுபவிக்கக் கூடாது. மருத்துவமனையில் சேர்ந்து, மருந்தோடு நிறுத்துவதுதான் சரி. குடித்துவிட்டு வந்த இரவில் வாயைத் திறக்காமல் படுத்துவிடுபவரை அக்கம்பக்கம் பொறுத்துக்கொள்கிறது, வாசலில் நின்று சத்தம் போடுபவரைப் பொறுத்துக்கொள்வதில்லை. அதையும் அவரிடம் வெளிப்படையாகச் சொல்லலாம், அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

முகவரி வந்தவுடன் கடன்காரர்களும் வருவார்கள். தவணைக்கு டிவி, தவணைக்குப் பீரோ, வாரக் கடன். முதல் ஆண்டில் வாடகையைத் தவிர வேறு எந்தத் தவணையும் அவர் தலையில் ஏறக் கூடாது. பாய், போர்வை, இரண்டு பாத்திரம், ஒரு குடம், நல்ல பூட்டு, ஒரு மின்விசிறி போதும். உங்கள் பழைய பீரோவை ஏற்றி அனுப்பவும் வேண்டாம்.

கடைசியாக நீங்கள். ஒரு மாத வாடகையைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அப்படி ஒன்று இருக்கிறது என்று அண்ணனுக்குச் சொல்லுங்கள், கையில் கொடுக்காதீர்கள். எடுத்தால் திருப்பி வைக்க வேண்டும் என்பது பேச்சு. 'வாடகைக்குப் பணம் இல்லை' என்று அவர் உங்களுக்குப் போன் செய்யும் நாள் வந்தால் திட்டாதீர்கள், ஒளியாமல் சொல்லிவிட்டாரே என்று எடுத்துக்கொள்ளுங்கள். தர்மபுரியிலிருந்து பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம்தான், மாதத்துக்கு ஒரு ஞாயிறு போதும். போவதற்கு முன் போன் செய்யுங்கள். கதவு திறந்திருந்தாலும் தட்டிவிட்டு நில்லுங்கள், வா என்று அவர் சொல்லட்டும். போனதும் அறையைச் சுற்றிப் பார்த்துக் குறை சொல்லாதீர்கள். ஒப்பந்தத்தை மாற்றி எழுதுவதற்கு மட்டும் இந்த மாதமே உங்கள் கணவரை அழைத்துக்கொண்டு போய்விடுங்கள். ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போது, கையில் கூலியோடு நிற்கும் அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் வீட்டுக்காரர் மறுப்பது கடினம்.